துளியும் இழப்பில்லாமல்

கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றிருந்தது. கெட்டுப்போய் நின்றிருந்தாலாவது ஒரு மனிதர் வாய்விட்டுத் திட்டிவிட்டு ஓய்ந்து உட்காரலாம். இது அப்படியில்லை. காலையில் அதை ஓடவிட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அவர் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே அது திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, ஏதோ ஒரு ஃபைலின் பெயர் ரொம்ப நீளமாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. பகல் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டபடியே சும்மா கிடந்திருக்கிறது.

"நீ பாக்கலையா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவர் மனைவி அதே அறையில், ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். தைப்பதை நிறுத்தவில்லை. "பாத்தேன். ஏதோ கேட்டுச்சு. உங்க பொருள்ல கை வெச்சா வீடு ரெண்டாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஒரு ஓகே அழுத்தறதுல என்ன வந்துடும்?"

"போன வாரம் நான் ஓகே அழுத்தினேன். அதுக்கு நாள் பூரா என்கூடப் பேசல நீங்க."

அது உண்மைதான். போன வாரம் அவள் அழுத்திய ஓகே, 'எல்லாவற்றையும் நிறுத்திவிடவா' என்ற கேள்விக்கான ஓகே. அதற்கு முந்திய வாரம் இஸ்திரிப்பெட்டியைச் சொருகுவதற்காகக் கம்ப்யூட்டரின் ப்ளக்கையே பிடுங்கியிருந்தாள். அவர் பையைக் கீழே வைத்து, கைகால்கூடக் கழுவாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இவருக்குக் கறார் என்று பெயர் வைத்தது கடைத்தெரு. பெற்றவர்கள் வைத்த பெயர் இன்றைக்கு அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்வது தொழில். மரப்பெட்டிக்குள் துணி விரித்து, அதில் வரிசையாகப் பித்தளை எடைக்கற்கள். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டார். விரலின் வியர்வை ஒட்டினால் எடை ஏறிவிடுமாம். "இத்தனூண்டு வியர்வையில என்னங்க ஏறிடப்போவுது" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டால், "ஏறுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்பார். அந்த ஆளோடு யார் வாதாடுவது. வீட்டிலும் இதே கதைதான். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. துவைத்த துண்டை மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் சேரவில்லை என்றால் பிரித்து மறுபடி மடிப்பார். அவர் மனைவி துணி மடிக்கும் வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒலிப்பதிவு. அவருடைய தங்கை ஒரு பாட்டுக் குழுவில் பாடுகிறவள். பாடியவள் என்று சொல்லவேண்டும், அதற்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கிளி என்று பெயர். கிளி எந்த மேடையில் ஏறினாலும் கறார் மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸர் பலகையின் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒயரைச் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருபது வருஷத்துக்கு மேல். ஒரு சாயங்காலம் என்றால் அது ஒரு நீண்ட பதிவு, ஒரே ஃபைல். எம்பி3 என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார். அது இடத்தை மிச்சம்பிடிக்க ஒலியின் ஓரங்களை நறுக்கி எறிந்துவிடும். இவருக்கு வேண்டியது நறுக்காத வகை. அமுக்கி மடித்து வைத்த சட்டையைத் திரும்ப விரித்தால் ஒரு நூல்கூடக் குறைந்திருக்கக் கூடாது. துளியும் இழப்பில்லாமல் வைக்கும் ஃபார்மட்டுகள் சில உண்டு. அந்தக் காலத்தில் கிடைத்ததிலேயே நன்றாக அமுக்கக்கூடியது என்று, குரங்குப் படம் போட்ட ஒன்றைத் தேடிப்பிடித்து, எல்லாவற்றையும் அதில் போட்டுவைத்தார். பின்னால் வந்த கஷ்டமெல்லாம் அந்தக் குரங்கால் வந்ததுதான் என்று கறார் இன்றைக்கும் சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை.

அவருக்கும் கிளிக்கும் ஓயாத ஒரு சண்டை இருந்தது. அவள் பாடுவது கொஞ்சம், பேசுவது அதிகம். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போகமாட்டாள். முன்வரிசையில் தூங்குகிறவரை எழுப்புவாள். டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பெண் பார்ப்பாள். மைக்கிலேயே, "எங்க அண்ணன் ஓரமா உக்காந்து முறைக்கறாரு பாருங்க, சீக்கிரம் பாடுன்னு சொல்றாரு. அவருக்காகவே இன்னும் கொஞ்சம் பேசறேன்" என்பாள். கூட்டம் சிரிக்கும். கறாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாட வந்தியா, பேச வந்தியா?" என்று வண்டியில் திரும்பும்போது கேட்பார்.

"பாட்டு யாரோ எழுதினது, யாரோ மெட்டுப் போட்டது. பேசறது மட்டும்தான்ணா என் சொந்தச் சரக்கு" என்பாள் அவள்.

அந்தச் சரக்குக்கு அவர் ஒரு வழி செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு நீண்ட பதிவோடும் ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருக்கும். எந்த நொடியில் எந்தப் பாட்டு தொடங்குகிறது என்று அதில் குறிப்பார். அந்த ஃபைலில் பாட்டுகளுக்கு நடுவே வரும் வெற்று நேரத்தை 'இடைவெளி' என்று தனியாகக் குறிக்க ஒரு முறை உண்டு. கறார் கிளியின் பேச்சையெல்லாம் இடைவெளி என்று குறித்தார். கைதட்டல் அடங்கி அவள் வாயைத் திறக்கிற நொடியிலிருந்து, பாட்டின் முதல் ஸ்வரம் விழுகிற நொடிக்கு முன்வரை. அப்படிக் குறித்துவிட்டால் பாட்டுக்குப் பாட்டு தாவிப் போகலாம். பேச்சு குறுக்கே வராது. உலகத்தில் வேறு யாரும் இப்படிக் குறிக்கமாட்டார்கள்.

பிறகுதான் கிளியின் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் பாட்டில் கரகரப்பு. பிறகு பேச்சில். டாக்டர்கள் பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, ஓசை மட்டும் இல்லை.

இப்போது அவளுக்குப் பதிலாக ஒரு செல்ஃபோன் பேசுகிறது. அவள் எழுத்தைத் தட்டினால் ஒரு பெண்குரல் வாசிக்கும். செய்தி வாசிப்பதற்கென்றே பிறந்த குரல். சுத்தமான உச்சரிப்பு, ஒரே சீரான இனிப்பு. 'தண்ணீர் வேண்டும்' என்பதையும் 'வலிக்கிறது' என்பதையும் ஒரே மாதிரிச் சொல்லும். கிளிக்கு அந்தக் குரல்காரியைக் கண்டாலே ஆகாது. 'யாரோ ஒருத்தி என் வாயில் வாடகைக்கு வந்திருக்கிறாள்' என்று ஒருநாள் தட்டினாள். அதையும் அந்த ஒருத்தியே வாசித்தாள்.

கிளியின் கணவர் பஸ் டிரைவர். அதிகம் பேசத் தெரியாத மனிதர். இருபது வருஷமாக வீட்டில் பேச அவருக்கு வாய்ப்பும் இருந்ததில்லை. அவர்தான் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன மியூசிக் ப்ளேயரை வாங்கி வந்தார். "மச்சான், இதுல கிளியோட பாட்டெல்லாம் போட்டுக் குடுங்க. படுத்தே கெடக்கறா. கேக்கட்டும்" என்றார். கறார் பதிவுகள் இருந்த டிஸ்க்கைச் சொருகினார். ப்ளேயர் குரங்கு ஃபார்மட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. இழப்பில்லாத வகையிலேயே ஃபிளாக் என்று இன்னொன்று உண்டு, அதை மட்டும்தான் படிக்குமாம். கறார் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரும் அதே கட்சி. குரங்கைப் படிக்கத் தெரிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரண்மேல் மூச்சிழுத்துக்கொண்டு கிடந்தது.

சரி, மொத்தத்தையும் ஒரேயடியாக ஃபிளாக்குக்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினார். மாற்றுவதற்கு ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. எல்லா ஃபைலையும் காட்டிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் தானே வரிசையாக மாற்றிக்கொண்டு போகும் என்று எழுதியிருந்தது. எழுதினவனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். பழைய எழுத்து ஃபைல்களில் பாட்டின் பெயரைத் தமிழில் வைத்திருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் அவை கேள்விக்குறியும் கட்டமுமாக நின்றன. எது எந்தப் பாட்டு என்று பெற்றவளுக்கே தெரியாது. போதாததற்கு அந்த ஃபைல்கள், அவர் பதிவை அமுக்குவதற்கு முன்னால் இருந்த பழைய பெயரையே இன்னும் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபைல் இல்லையே என்று அடம்பிடித்தன. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினார். திருத்தியதும் ப்ரோக்ராம் ஓடும். ஓடுகிறதே என்று எழுந்து போனால் நிற்கும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நிற்காது. லீவு நாளெல்லாம் அதன் எதிரிலேயே போனது. அறை கொதித்தது. தையல் மெஷின் ஒருபக்கம் கடகடக்க, கம்ப்யூட்டர் விசிறி இன்னொரு பக்கம் இரைய, நடுவில் இவர் தலையில் கைவைத்துக்கொண்டு.

"இதுக்குப் பேசாம நீங்களே பாடிக் குடுத்திருக்கலாம்" என்றாள் மனைவி.

ஒருவழியாக எல்லாத் தடையும் தாண்டியபோது ப்ரோக்ராம் கடைசியாக ஒன்று கேட்டது. நீண்ட பதிவைப் பாட்டுப் பாட்டாகப் பிரிக்கப்போகிறேன். நடுவில் இடைவெளி என்று குறித்திருக்கிறீர்களே, அதை முந்தின பாட்டின் வாலில் ஒட்டவா, அடுத்த பாட்டின் தலையில் ஒட்டவா, விட்டுவிடவா?

கறார் உடனே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ப்ரோக்ராமிலேயே ஒரு பதிவை ஓடவிட்டுப் பார்த்தார். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. "அண்ணா, அந்த ஸ்பீக்கர் கொர்ருங்குது. தூங்கிட்டியா?" என்றாள் கிளி. பக்கத்தில் நின்று சொல்வதுபோல இருந்தது. நான் தூங்கலடி என்று பதில்கூட வாயில் வந்துவிட்டது. அடுத்த நொடி கை தானாகவே அதை நிறுத்தியது. தையல் மெஷின் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் அவருக்குக் கேட்கவில்லை. பாட்டைக் கேட்க முடிந்தது அவரால். பாட்டு என்பது மேடை, வெளிச்சம், ஊருக்கானது. இதைக் கேட்க முடியவில்லை. இனி எந்தப் பாட்டுக்கு நடுவில் இது எழுந்து வருமோ என்று பயமாக இருந்தது. கிளியே கேட்டால் என்ன ஆவாள் என்றும் நினைத்தார்.

விட்டுவிடு என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்குமேல் ப்ரோக்ராம் ஒரு தடையும் சொல்லவில்லை. கழுதை அன்றைக்குத்தான் அவ்வளவு ஒழுங்காக ஓடியது. முடிந்ததும் ஒவ்வொரு பாட்டையும் பழைய பதிவோடு ஒப்பிட்டு, எதிலும் ஒரு பிட்கூட மாறவில்லை என்று பச்சை எழுத்தில் காட்டியது. கறார் அதை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். பழைய குரங்கு ஃபைல்களை அழித்தார். இரண்டும் இருந்தால் குழப்பம், இடத்துக்கும் கேடு. அவரிடம் நகல் டிஸ்க் ஒன்றும் இருந்தது. கறார் இல்லையா, நகல் இல்லாமல் இருப்பாரா? இதில் இருப்பது அதிலும் அப்படியே இருக்கவேண்டும், இதில் இல்லாதது அதிலும் இருக்கக்கூடாது என்று அதற்கு ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார். இரண்டாவது டிஸ்க்கும் சொன்னபடி கேட்டது.

கிளி ப்ளேயரில் ஒரே ஒரு பாட்டு கேட்டாள். பாதியிலேயே கையை நீட்டி அணைத்துவிட்டாள். "அப்புறம் கேக்கட்டும் மச்சான்" என்றார் டிரைவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கறாருக்கு மனசுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் செய்த வேலை ஒழுங்கான வேலை என்ற திருப்தி இருந்தது.

அந்தத் திருப்தி ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சி அறையில் உடைந்தது. கிளியை வாரா வாரம் அங்கே கூட்டிப்போவார்கள். அன்று டிரைவருக்கு வேலை, கறார் துணைக்குப் போயிருந்தார். சுவரில் வாயையும் தொண்டையையும் குறுக்கே வெட்டிக் காட்டும் படங்கள். பயிற்சி தருகிற பெண்மணி நிதானமானவர். ஃபோன் குரல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும் என்று ஆரம்பித்தார்.

"உங்க பழைய பேச்சு எங்கயாவது ரெக்கார்டு ஆகியிருக்காங்க? சில மணி நேரம் கிடைச்சாக்கூடப் போதும். அதை வெச்சு உங்க குரல்லயே இந்த ஃபோனைப் பேச வைக்கலாம். பாட்டு உதவாது. பேச்சு வேணும், சாதாரணமா நீங்க பேசற பேச்சு. பின்னாடி மியூசிக் இல்லாம, மைக் பக்கத்துல வெச்சுப் பேசினதா இருந்தா ரொம்ப நல்லது."

கிளி நிமிர்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. ஃபோனைப் பிடுங்காத குறையாக எடுத்துத் தட்டினாள். செய்திக்காரி வாசித்தாள்: "என் அண்ணனிடம் இருபது வருடப் பேச்சு இருக்கிறது."

"அப்படியாங்க?" என்று பெண்மணி கறாரைப் பார்த்தார்.

கிளியும் பார்த்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இருக்கு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. எங்காவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லாமா போயிருக்கும் என்று நினைத்தார். ஆட்டோவில் வழியெல்லாம் கிளி தட்டிக்கொண்டே வந்தாள். அந்த ஒருத்தியை வீட்டைவிட்டுத் துரத்தப்போகிறேன் என்றாள். தன் குரல் வந்ததும் முதலில் புருஷனை உட்காரவைத்து, இத்தனை மாசம் சமைத்துப்போட்ட சப்பென்ற சாப்பாட்டுக்கெல்லாம் சேர்த்துத் திட்டப்போகிறேன் என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கறார் வெளியே பார்த்தபடி வந்தார்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தார். ஃபிளாக் ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் கேட்டார். ஒன்றுமில்லை. கைதட்டல் அடங்குகிறது, அவ்வளவுதான். அடுத்தது முதல் ஸ்வரத்தில் தொடங்குகிறது. இடையில் ஒரு பெருமூச்சுகூட மிச்சமில்லை. வேறு யாராவது குறித்திருந்தால் முன்னே பின்னே இருந்திருக்கும். ஒரு 'வணக்கம்', ஒரு 'அப்புறம்', ஏதாவது வாலில் தொங்கியிருக்கும். இவர் நொடியைப் பத்தாகப் பிளந்து குறித்தவர். தன் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

டிஸ்க்குகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார். தன் தராசுக்காகக் கறாரிடம் பலமுறை பேச்சு வாங்கியவர்தான் பக்கத்துக் கடைக்காரர். அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். கடை ஆள் டிஸ்க்கைச் சொருகி, வெகுநேரம் பார்த்தார்.

"அழிச்சதை எடுக்கலாம் சார். ஆனா அது மேலயே புதுசா எழுதிட்டீங்களே. டிஸ்க் ரொம்பிப்போய் இருக்கு. இந்த ஒண்ணு போனா இன்னொண்ணுல காப்பி இருக்கும்ல?"

"அதுலயும் நான்தான் அழிச்சேன்."

"ரெண்டுலயுமா? ஏன் சார்?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு."

கடை ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இதைச் செய்தது வேறொருவராக இருந்திருந்தால் கறாரே அந்த ஆளை இதைவிட மோசமாகப் பார்த்திருப்பார். வெளியே வந்து, கடை வாசலிலேயே டிஸ்க்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தூக்கி ரோட்டில் அடிக்கலாம்போல ஆத்திரம். டிஸ்க்மேல் என்ன தப்பு.

டிரைவர் மாப்பிள்ளையின் ஃபோனில் கிடைக்குமா என்று பார்த்தார். அவர் ஃபோன் நிரம்பினால் எல்லாவற்றையும் அழிக்கிற ஆள். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு வாய்ஸ் மெசேஜிலும் சமையலறை மிக்ஸி ஓடியது; கிளி அதைத் தாண்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கீபோர்டுக்காரரிடம் சில வீடியோ இருந்தது. கிளி பேசும்போதெல்லாம் அவர் பின்னால் சும்மா இருக்கமாட்டாமல் எதையாவது வாசித்துக்கொண்டிருந்தார். கிடைத்ததையெல்லாம் பயிற்சிப் பெண்மணிக்கு அனுப்பினார். கேட்டுவிட்டு, இது பத்தாதுங்க, அந்த மேடைப் பதிவுகள் எப்போது வரும் என்று அவர் கேட்டார்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி. இந்த முறை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நானே சொல்றேன்."

"சும்மா சொல்லாதீங்க. ஏன் வெட்டினீங்கன்னும் சொல்லுங்க."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அதே அறையில்தானே அவளும் இருந்தாள்.

கிளி அவருக்காகக் காத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த மேஜையைத் துடைத்து, ஒயரெல்லாம் ஒதுக்கி, கம்ப்யூட்டர் வைக்க இடம் செய்திருந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். டிரைவர் வெளியே ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டினாள். "முதலில் எந்த நிகழ்ச்சி?" என்றது ஃபோன்.

கறார் உட்கார்ந்தார். "கிளி, அது இல்ல."

"எது இல்லை?"

"நீ பேசினது. பாட்டு எல்லாம் இருக்கு. நடுவுல நீ பேசினதெல்லாம் போயிடுச்சு."

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் ஓசையில்லாமல் சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். விரல் மெதுவாக நகர்ந்தது. "எப்படிப் போகும்?"

"நான்தான் எடுத்தேன். ஃபார்மட் மாத்தறப்ப. நீ பேசறதையெல்லாம் நான் எப்பவும் இடைவெளின்னுதான் குறிச்சு வெச்சிருந்தேன். அதை விட்டுடவான்னு கேட்டுச்சு. விட்டுடுன்னு சொல்லிட்டேன்."

"இடைவெளி" என்றது ஃபோன். கேள்வி மாதிரியும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்வதுபோல.

"ஒரு எடத்துல என்னைக் கூப்பிட்டே. தூங்கிட்டியான்னு கேட்டே. அதுக்கு மேல கேக்க என்னால முடியல. நீயும் கேக்க வேணாம்னு நெனச்சேன். இப்படி ஒண்ணுக்கு உதவும்னு தெரியாது கிளி. ஆஸ்பத்திரியில இருக்குன்னு சொன்னேனே, அதுவும் பொய்தான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்துப் படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். வெகுநேரம் தட்டினாள். பிறகு அழுத்தினாள். செய்திக்காரி வாசித்தாள்: "நீ ஒரு முட்டாள். நீ ஒரு கல்நெஞ்சக்காரன். என்னைக் கேட்காமல் என் குரலைத் தொட நீ யார். உன்னை அண்ணா என்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது." தேன் ஒழுகியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மரியாதையாக ஒரு மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போனாள். வெளியே ஷூவைத் தேய்க்கும் சத்தம் நின்றது. கறார் தலையைக் குனிந்துகொண்டார். திட்டுகூட ஒழுங்காக வந்து சேரவில்லையே என்றிருந்தது அவருக்கு.

கிளிக்கும் அது கேட்டுத்தானே இருக்கும். வாசித்து முடிப்பதற்குள் ஃபோனைக் கவிழ்த்து மெத்தையில் எறிந்தாள். அவர் முழங்காலில் பட்டென்று ஓர் அடி அடித்தாள், இங்கே பார் என்று. அவர் நிமிர்ந்தார். அவள் வாயைத் திறந்தாள்.

ஓசை இல்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் உஸ்ஸென்றது. உதடுகள் அந்தப் பழைய வேகத்தில் ஓடின. கை ஆடியது, கண் உருண்டது, புருவம் ஏறி இறங்கியது. பாதிதான் அவருக்குப் புரிந்தது. முட்டாள் புரிந்தது. இருபது வருஷம் புரிந்தது. அம்மா என்று ஏதோ சொன்னாள், அது புரியவில்லை. அவர் கண்ணை எடுக்காமல் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து மங்கியபோது அவசரமாகத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ம், சொல்லு" என்றார் கறார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.